கோட்டுக்கு இந்தப் பக்கம் பேரிடர்

2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், லூசியானா எல்லையை ஒட்டிய பைன் காட்டுப் பகுதியில் காலை எட்டு மணிவாக்கில் வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்ணோடம் 7 பேருடன் வானத்திலேயே உடைந்து போயிருந்தது. கல்பனா சாவ்லா அதில் இருந்ததால் அந்த நாள் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். நாக்கடோச்சஸ், சபைன், சான் அகஸ்டின் என்று நாம் கேள்விப்பட்டிராத கவுண்டிகளின், அதாவது மாவட்டங்களின், காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் துண்டுகள் சிதறிக் கிடந்தன. நச்சு இருக்கலாம், தொட வேண்டாம் என்று மக்களை எச்சரித்தார்கள். பிறகு 25,000-க்கும் மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் தேடி, ஏறத்தாழ 84,000 துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள்.

விபத்து நடந்த அன்றே டெக்சாஸுக்கும் லூசியானாவுக்கும் அதிபர் அவசரநிலை அறிவித்தார். தேடுதல் வேலைக்கு மத்திய அரசின் ஆட்களும் பணமும் வர அந்த அறிவிப்பு தேவைப்பட்டது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்புறம் நடந்ததுதான் இந்த ஆய்வின் விஷயம். அதே அறிவிப்பைக் காரணமாக வைத்து, கிழக்கு டெக்சாஸிலிருந்து லூசியானா எல்லை வரை நூற்றுக்கணக்கான மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குப் பேரிடர் நிவாரணம் போனது. மொத்தம் சுமார் 50 லட்சம் டாலர். அந்தப் பணம் வறட்சி நிவாரணமாகத் தொடங்கிய ஒரு திட்டத்திலிருந்து வந்தது. விண்ணோடம் உடைந்ததால் உங்கள் மாடு செத்ததா, புல் கருகியதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி விதியும் இல்லை.

இதை ஊழல் கதையாகச் சொல்வது எளிது. விண்ணப்பித்தவர்கள் பொய் சொல்லவில்லை, பணம் கொடுத்த அலுவலர்கள் விதியை மீறவுமில்லை. எல்லாம் சட்டப்படியே நடந்தது என்பதுதான் இதை நின்று பார்க்க வைக்கிறது.

வறட்சி உண்மையாகவே இருந்தது

2002 கோடையில் அமெரிக்க நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி வறட்சியில் இருந்தது. தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா, வயோமிங், கொலராடோ மாநிலங்களில் நிலைமை மோசம். மேய்ச்சலை நம்பி மாடு வளர்ப்பவருக்கு வறட்சி என்றால் முதலில் புல் போகும். அடுத்து வைக்கோல் விலை ஏறும். மூன்றாவதாக, தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த தாய்ப்பசுக்களை அடிமாட்டு விலைக்குச் சந்தையில் விட வேண்டி வரும். பயிர் போனால் அடுத்த பட்டத்தில் விதைத்துக்கொள்ளலாம். விற்ற பட்டியைத் திரும்பச் சேர்க்க ஆண்டுக்கணக்காகும். அங்கே பயிருக்குக் காப்பீடு இருந்தது. மேய்ச்சல் புல்லுக்கு அப்போது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

ஆக, உதவி கேட்டவர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனால் அது தேர்தல் ஆண்டு. ஆகஸ்ட் 15 அன்று தெற்கு டகோட்டாவின் ரஷ்மோர் மலைக்கு வந்த அதிபர் புஷ், வறட்சிக்கென்று தனிப் பணம் கிடையாது, வேளாண் சட்டத்தில் ஏற்கெனவே ஒதுக்கியதற்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி பேசிவிட்டுப் போனார். அந்த மாநிலத்தில் அவர் கட்சியின் செனட் வேட்பாளர் கடும் போட்டியில் இருந்தார். அதற்குள் வேளாண் துறை நான்கு மாநில மாடுகளுக்குத் தீவனமாகக் கையிருப்பில் இருந்த பால் பவுடரைக் கொடுத்துப் பார்த்தது. விலை ஆதரவுத் திட்டத்தில் அரசு வாங்கிக் குவித்து வைத்திருந்த பவுடர் அது. பசுவின் பாலைப் பவுடராக்கி மறுபடி பசுவுக்கே கொடுத்திருக்கிறார்கள்! அதுவும் போதவில்லை.

செப்டம்பர் 19-ஆம் தேதி வேளாண் அமைச்சர் ஆன் வெனமன் கால்நடை இழப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தார். மதிப்பீடு 75.2 கோடி டாலர். நாடாளுமன்றத்துக்குப் போகாமலே அமைச்சகம் இதைச் செய்ய முடிந்ததற்கு 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு வழி வைத்திருந்தது. சுங்க வருவாயில் 30 சதவீதத்தை அந்தப் பிரிவு வேளாண் துறைக்கு ஒதுக்குகிறது. வழக்கமாக அதில் பெரும்பங்கு பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போகும்.

செனட் வேட்பாளர் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்கு: நவம்பரில் 524 வாக்கில் தோற்றார்.

படிவம் எப்படி வேலை செய்தது

திட்டம் மிக எளிமையானது. உங்கள் கவுண்டி வறட்சிப் பேரிடர் கவுண்டியாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா? உங்களிடம் எத்தனை மாடு? இந்த இரண்டு கேள்விதான். கறிமாட்டுப் பசு என்றால் தலைக்கு 18 டாலர், கறவைப் பசு 31.50 டாலர், 500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வளரும் மாடு 13.50 டாலர், செம்மறி 4.50 டாலர். ஒருவருக்கு உச்சவரம்பு 40,000 டாலர்.

18 டாலர் என்பது அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு எண்ணூற்றைம்பது ரூபாய் சொச்சம். நூறு பசு வைத்திருக்கும் ஒரு நடுத்தரப் பண்ணைக்காரருக்கு 1,800 டாலர் வரும். வறட்சியில் சிக்கியவருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒரு பட்டிக்குச் சில நாள் வைக்கோல் வாங்கலாம், அவ்வளவுதான். நல்ல மழை பெய்த இடத்தில் இருந்தவருக்கோ அது எதிர்பாராமல் வந்த கைச்செலவுக் காசு. ஒரே தொகை ஒரு இடத்தில் போதாமலும் இன்னொரு இடத்தில் தேவையில்லாமலும் இருந்தது. இரண்டு ஆண்டில் மொத்தம் 120 கோடி டாலர் செலவான பிறகும் ‘எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை’ என்ற பேச்சு வறண்ட மாநிலங்களில் ஓயாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கவுண்டி என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாக எல்லை. அமெரிக்கா முழுவதும் 3,100-க்கு மேல் இருக்கின்றன, டெக்சாஸில் மட்டும் 254. சில கவுண்டிகள் நம் ஒன்றிரண்டு தாலுகா அளவுதான் வரும். சிலவற்றை வண்டியில் குறுக்கே கடக்கவே அரை நாள் பிடிக்கும். வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமைக்குக் கவுண்டிதோறும், அல்லது இரண்டு மூன்று கவுண்டிக்குச் சேர்த்து, ஓர் அலுவலகம் உண்டு. விவசாயி விதைப்புப் பரப்பைப் பதிவு செய்வது, கடன் கேட்பது, நிவாரண விண்ணப்பம் கொடுப்பது எல்லாம் அங்கேதான்.

அந்த அலுவலகத்துக்கு மேலே கவுண்டிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அந்த வட்டாரத்து விவசாயிகளே தங்களுக்குள் ஓட்டுப் போட்டு மூன்றாண்டுப் பதவிக்காலத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் குழு. 1930-களில் இருந்து வரும் ஏற்பாடு. யாருடைய கிணறு வற்றியது, யார் பட்டியில் பாதியை விற்றுவிட்டார், யாருடைய தாழ்நிலத்தில் இன்னும் புல் நிற்கிறது என்பதெல்லாம் அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நின்று பேசினாலே தெரிந்துவிடும்.

இவ்வளவு உள்ளூர் அறிவை எழுபது ஆண்டாகக் கட்டி வைத்துவிட்டு, நிவாரணத்தில் அதற்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. குழு பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுக் கணக்கைத் தொகையால் பெருக்கினால் முடிந்தது. உள்ளூர்க் குழுவிடம் விட்டால் வேண்டியவருக்கு ஒரு நியாயம், வேண்டாதவருக்கு ஒரு நியாயம் என்று ஆகும் என்ற பயத்துக்கு அந்த நாட்டில் நிஜமான வரலாறு உண்டு. தெற்கு மாநிலங்களில் கறுப்பின விவசாயிகளை இந்தக் குழுக்கள் நடத்திய விதம் நீதிமன்றம் வரை போய் 1999-இல்தான் ஒரு தீர்வுக்கு வந்தது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு ‘குழுவையே நம்பியிருக்கலாம்’ என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் குழுவின் பாரபட்சத்துக்குப் பயந்து கவுண்டி எல்லை என்ற கோட்டிடம் போனால், கோட்டுக்கு என்று ஒரு பாரபட்சம் இருக்கிறது.

பக்கத்துக் கவுண்டிக்காரரின் கேள்வி

முதல் கட்டத்தில் வறட்சிக்காக நேரடியாக அறிவிக்கப்பட்ட கவுண்டிகளுக்கு மட்டும்தான் பணம். கடன் உதவிக்கெல்லாம் அறிவித்த கவுண்டியை ஒட்டியுள்ள கவுண்டிகளையும் சேர்த்துக்கொள்வது அங்கே வழக்கம். இந்தத் திட்டத்தில் அவை கிடையாது.

ஒரு மண் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் எல்லை. சாலைக்கு வடக்கே இருப்பவருக்குத் தலைக்கு 18 டாலர். தெற்கே, அதே காய்ந்த புல்லில் மாடு மேய்ப்பவருக்கு ஒன்றுமில்லை. மேகம் கவுண்டி பார்த்தா பெய்கிறது? தெற்கே இருப்பவர் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைத் தொலைபேசியில் பிடிக்கிறார். இப்படி எத்தனை மண் சாலைகள் இருந்திருக்கும்!

இந்தக் குறைக்கு இரண்டு விதமாக மருந்து போட்டிருக்கலாம். ஒன்று, இழப்பு இருந்த இடம் எது என்று பார்க்க வேறு அளவுகோல் கொண்டுவருவது. அந்த அளவுகோல் அப்போதே கையில் இருந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் தேசிய வறட்சி மையமும் இரண்டு அரசுத் துறைகளும் சேர்ந்து 1999-இலிருந்து வாராவாரம் வறட்சி வரைபடம் வெளியிட்டு வந்தன. இன்னொரு வழி, கோட்டை இன்னும் அகலமாக இழுத்து, கேட்டவர் எல்லாரையும் உள்ளே விடுவது.

நாடாளுமன்றம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. 2003 பிப்ரவரி 20 அன்று கையெழுத்தான ஒரு பெரிய ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் 310 கோடி டாலர் வேளாண் நிவாரணம் செருகப்பட்டிருந்தது. அதில் கால்நடை இழப்பீடும் நீட்டிக்கப்பட்டது. இந்த முறை ‘வறட்சி’ என்ற சொல் போய்விட்டது. 2001 தொடக்கத்திலிருந்து எந்தப் பேரிடராக இருந்தாலும் சரி, அதிபரோ வேளாண் அமைச்சரோ அறிவித்திருந்தால் போதும். அந்தக் கவுண்டியில் மாடு வைத்திருப்பவருக்குப் பணம் உண்டு.

கொலம்பியா உடைந்து அன்றைக்குப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

சட்டம் எழுதியவர்கள் விண்ணோடத்தை மனதில் வைத்து எழுதினார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை; அப்படி யாரும் திட்டமிட்டிருக்கவும் முடியாது. ஆனால் வலையை அவ்வளவு அகலமாக விரித்தால் என்னென்ன வந்து விழும் என்று யாரும் உட்கார்ந்து பட்டியல் போடவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 2001 பிப்ரவரி 28 அன்று 6.8 அளவில் ஒரு நிலநடுக்கம். மறுநாளே அதிபரின் அறிவிப்பு. அதைக் காட்டி ஒரு கவுண்டியின் பண்ணைக்காரர்களுக்கு 16 லட்சம் டாலர் போனது. நிலம் நடுங்கியதில் அவர்கள் மாட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. வடக்கு டெக்சாஸில் ஒரு கவுண்டிக்கு, இந்தத் திட்டம் பிறப்பதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே உருகிப்போன ஒரு பனிக்கட்டிப் புயலுக்காக ஏறத்தாழ 10 லட்சம் டாலர். விஸ்கான்சினில் ஒரு குளிர்காலப் பனிப்பொழிவு, இன்னும் சில பத்து லட்சங்கள். பனிப்பொழிவு விஸ்கான்சினுக்குப் பேரிடரா என்று கேட்டால் அந்த ஊர்க்காரரே சிரிப்பார்.

இதெல்லாம் வெளியே வந்தது 2006 ஜூலையில்தான். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், அரசின் கொடுப்பனவுப் பதிவுகளை வறட்சி வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தது. இரண்டு ஆண்டில் செலவான 120 கோடி டாலரில் பாதிக்கும் மேல், அதாவது 63.5 கோடி டாலர், மிதமான வறட்சி மட்டும் இருந்த அல்லது வறட்சியே இல்லாத இடங்களுக்குப் போயிருந்தது. இந்தக் கணக்கைப் போட அந்தச் செய்தியாளர்களுக்குத் தேவைப்பட்ட வரைபடம் 2002-இலும் எல்லாரும் பார்க்கும்படி திறந்தே கிடந்தது. வேளாண் துறையே அதைத் தயாரிப்பவர்களில் ஒன்று.

அலுவலக ஜன்னலில் நின்றவர்

கொஞ்சம் அந்தப் பண்ணைக்காரரின் இடத்திலிருந்தும் பார்க்கலாம். கிழக்கு டெக்சாஸ் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் பகுதி. மர வியாபாரம், கோழிப்பண்ணை, கூடவே முப்பது நாற்பது கறிமாடு என்று வாழ்கிறவர்கள் நிறைய. அந்த மாதிரி ஒருவருக்கு அரசுத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது, உங்கள் கவுண்டிக்குத் தகுதி உண்டு என்று தகவல் வருகிறது. போகிறார். நாற்பது மாடு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். 720 டாலர். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பணம் வயோமிங்கில் காய்ந்து கிடப்பவருக்கா போகப்போகிறது? போகாது. ‘எல்லாரும் வாங்குகிறார்கள், நான் மட்டும் ஏன் விட வேண்டும்’ என்பதைத் தாண்டி அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அலுவலருக்கும் அதே நிலைதான். ‘இந்தக் கவுண்டியில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது, இவருக்கு எதற்கு?’ என்று அவர் நினைத்திருக்கலாம். நிராகரிக்க அவரிடம் விதி இல்லை. நிராகரித்தால் மேல்முறையீட்டில் தோற்பது உறுதி.

சட்டம் எழுதியவர்கள்? அவர்களுக்கும் ஒரு வாதம் இருக்கிறது, முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு பண்ணையாகப் போய் இழப்பை அளக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். செப்டம்பரில் அறிவித்து, குளிர்காலத் தீவனம் வாங்கும் முன் பணம் கையில் சேர வேண்டும் என்றால் அளந்துகொண்டிருக்க முடியாது. கவுண்டிப் பட்டியலும் மாட்டு எண்ணிக்கையும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. வேகத்துக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுப்பது பேரிடர் நிவாரணத்தில் எங்கும் நடப்பதுதான். நம் பயிர்க் காப்பீட்டிலும் பிர்க்கா, வருவாய்க் கிராமம் என்று ஓர் அலகை வைத்துத்தான் சராசரி எடுக்கிறார்கள்.

முதல் கட்டத்துக்கு இந்த வாதம் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் கட்டத்துக்குப் பொருந்தாது. 2003 பிப்ரவரியில் அவசரம் ஓய்ந்திருந்தது. 2001-இல் ஆடிய நிலநடுக்கத்துக்கு 2003-இல் என்ன வேகம் வேண்டிக்கிடக்கிறது? அங்கே நடந்தது தொகுதிகளுக்கு இடையில் ஒரு சமாதானம். வறண்ட மாநிலத்து உறுப்பினர்களுக்குத் தங்கள் மசோதா நிறைவேற மற்றவர்களின் ஓட்டு வேண்டும். மற்றவர்களுக்கு ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டும். ‘எந்தப் பேரிடரும்’ என்ற இரண்டு சொல் அந்த வேலையைச் செய்தது.

திருத்தம் வந்தது, பிறகு காலாவதியானது

2008 வேளாண் சட்டத்தில் நாடாளுமன்றம் இதை ஓரளவு ஒழுங்குபடுத்தியது. மேய்ச்சல் இழப்புக்கு ஒரு திட்டம், செத்த கால்நடைக்குத் தனியாக ஒரு திட்டம். மேய்ச்சல் திட்டத்தை வறட்சி வரைபடத்தோடு நேரடியாகக் கட்டினார்கள். வரைபடத்தில் வறட்சிக்கு டி1 முதல் டி4 வரை நான்கு படி உண்டு. டி2, அதாவது கடும் வறட்சி, மேய்ச்சல் பருவத்தில் தொடர்ந்து 8 வாரம் நின்றால் ஒரு மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம். அதற்கு மேல் போனால் கூடுதல் மாதங்கள். செத்த மாட்டுக்குச் சந்தை விலையில் 75 சதவீதம்; ஆனால் வழக்கமாகச் சாகும் எண்ணிக்கைக்கு மேல் எத்தனை செத்தன என்று ஆதாரம் காட்ட வேண்டும்.

விண்ணோடத்துக்கு மாட்டுப்பணம் கொடுக்கும் ஓட்டை அதோடு அடைபட்டது. ஆனால் இந்தத் திட்டங்களுக்கு 2011 செப்டம்பர் 30 என்று ஒரு கடைசித் தேதியும் வைத்திருந்தார்கள். அடுத்த கோடையில், 2012-இல், பல பத்தாண்டுகளில் காணாத வறட்சி. திட்டம் இல்லை. நல்ல விதி எழுதி வைத்திருந்தார்கள், அதை ஓட்ட அதிகாரம் காலாவதியாகிவிட்டது.

2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்குக் கவுண்டிகளில் நடந்ததை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மீட், பென்னிங்டன், பெர்கின்ஸ் பக்கம் மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில்தான் இருந்தன. குளிர்கால உரோமம் வளரவில்லை. அக்டோபர் 3 அன்று முதலில் மழை. மாடுகள் தோல்வரை நனைந்தன. பிறகு அந்த மழையே பனியாக மாறி இரண்டு நாள் கொட்டியது, புயல்காற்றோடு. மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது தள்ளும் திசையில் நடந்துகொண்டே இருக்கும். அப்படியே மைல்கணக்கில் நடந்தன. பனி மூடி வேலியே தெரியவில்லை. வேலிக்கு மேலேயே நடந்து போய், ஓடைப் பள்ளங்களிலும் சாலையோரச் சரிவுகளிலும் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. பனி உருகிய பிறகு பண்ணைக்காரர்கள் காதுப் பட்டையையும் சூட்டுக்குறியையும் பார்த்து, எது யார் மாடு என்று பிரிக்க வேண்டியிருந்தது. செத்தவை பல்லாயிரம்.

அப்போது மத்திய அரசு முடங்கியிருந்தது. வரவுசெலவுச் சண்டையில் அக்டோபர் 1 முதல் 16 வரை அலுவலகங்கள் பூட்டு. கவுண்டி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாலும் எடுக்க ஆள் இல்லை. செத்த கால்நடைக்கான திட்டம் இரண்டு ஆண்டாகவே உயிரோடு இல்லை. ‘எதற்கும் படம் எடுத்து வையுங்கள், காதுப் பட்டையை வெட்டி வையுங்கள், பக்கத்துப் பண்ணைக்காரரைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்’ என்று சங்கங்களும் மாநில அதிகாரிகளும் சொன்னார்கள். என்றைக்காவது திட்டம் திரும்பி வந்தால் காட்டுவதற்கு. அழுகத் தொடங்கிய மாட்டுக்கு முன் நின்று ஒவ்வொன்றாகப் படம் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். அதற்குள் மொன்டானா போன்ற பக்கத்து மாநிலத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் பட்டியிலிருந்து சினைக் கிடாரிகளை ஏற்றி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அரசுக்கு முன்னால் லாரி வந்து நின்றது.

2014 பிப்ரவரி 7 அன்று புதிய வேளாண் சட்டம் கையெழுத்தானது. பேரிடர்த் திட்டங்கள் இந்த முறை காலவரம்பு இல்லாமல் நிரந்தரமாயின. 2011 அக்டோபரிலிருந்து நடந்த இழப்புகளுக்கும் பின்தேதியிட்டுக் கொடுக்கச் சட்டம் வழி செய்தது. விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது ஏப்ரல் 15. புயல் அடித்து ஆறு மாதத்துக்கு மேல். எடுத்து வைத்த படங்கள் அப்போது உதவின.

ஒரு கேள்வியும் கேட்காமல் பணம் கொடுத்தது கிழக்கு டெக்சாஸில். கண்ணெதிரே செத்த மாட்டுக்குச் சாட்சி, படம், காதுப் பட்டை எல்லாம் கேட்டு, ஆறு மாதம் கழித்துக் கதவைத் திறந்தது தெற்கு டகோட்டாவில். பத்து ஆண்டு இடைவெளியில் அதே துறை, அதே மாதிரியான கவுண்டி அலுவலகம்.

கோடு இன்னும் இருக்கிறது

இனி சரியாகிவிட்டதா என்றால், பாதி. வறட்சிக்கு வறட்சி வரைபடம்தான் அளவுகோல் என்றானது பெரிய முன்னேற்றம். ஆனால் சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால், கவுண்டியின் ‘எந்த ஒரு பகுதியிலாவது’ டி2 இருந்தால் போதும் என்று இருக்கிறது. அப்படி இருந்தால் முழுக் கவுண்டிக்கும் தகுதி.

நெப்ராஸ்காவின் செர்ரி கவுண்டியை எடுத்துக்கொள்வோம். மணல்மேட்டுப் புல்வெளி, சுமார் 15,500 சதுர கிலோமீட்டர். நம் தஞ்சாவூர் மாவட்டத்தைப் போல நான்கரை மடங்கு. வாழும் மக்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. மாடுகள் அதைப் போலப் பல மடங்கு. அந்தக் கவுண்டியின் ஒரு மூலையில் டி2 நிறம் தொட்டுக்கொண்டிருந்தால், நூறு கிலோமீட்டர் தள்ளி மறுமூலையில் நல்ல மழை கண்டவருக்கும் தகுதி வரும். மேய்ச்சல் இழப்பு இருந்தது என்று அவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதே சமயம், டி2 நிறம் ஓர் அங்குலம் நகர்ந்து பக்கத்துக் கவுண்டிக்குள் விழாமல் நின்றுவிட்டால் அங்கே இருப்பவருக்கு ஒன்றுமில்லை. 2002-இன் மண் சாலை அப்படியே இருக்கிறது, ஆட்கள்தான் இடம் மாறி நிற்கிறார்கள்.

இதனால் வரைபடம் வரைபவர்கள் மேல் ஒரு சுமை ஏறியிருக்கிறது. சில விஞ்ஞானிகள் முறை வைத்துக்கொண்டு வரைகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை வரையான மழை, மண் ஈரம், ஆற்று நீர்மட்டம் எல்லாவற்றையும் பார்த்து, வியாழக்கிழமை காலையில் வெளியிடுவார்கள். அவர்கள் நோக்கம் வறட்சியைக் காட்டுவது. ஆனால் அவர்கள் இழுக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் பணம் கட்டியிருக்கிறது என்று பண்ணைக்காரருக்குத் தெரியும். எங்கள் பக்கம் வந்து பாருங்கள், ஏரி வற்றிக் கிடக்கிறது என்று வறட்சி நிலவரம் அனுப்ப இணையத்தில் படிவம் உண்டு. படமும் சேர்த்து அனுப்பலாம். உள்ளூர் அறிவு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் குழுவிடம் இல்லை, வரைபவரின் மின்னஞ்சல் பெட்டியில்.

2025 வரை விதியில் இருந்த 8 வாரம் ‘தொடர்ந்து’ என்ற சொல்லும் சின்னதல்ல. ஏழாவது வாரம் ஒரு மழை பெய்து நிறம் ஒரு படி இறங்கினால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்த மழை புல்லைக் காப்பாற்றாது, தூசியை அடக்கும், அவ்வளவுதான். மழைக்காக ஏங்கிக்கொண்டிருப்பவர் அந்த ஒரு வாரம் மட்டும் மழை வராமல் இருந்தால் தேவலை என்று நினைக்கும் நிலை. 2025-இல் இந்த விதியைத் தளர்த்தினார்கள்: டி2 தொடர்ந்து 4 வாரம் நின்றாலே ஒரு மாதத் தொகை. ‘எந்த ஒரு பகுதியிலாவது’ என்ற வாசகத்தில் கை வைக்கவில்லை.